மண்ணெண்ணெய்ப் படகும் மருமகனின் விமானமும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனையும் பால் நிலவையும் முன்னே நிறுத்தித் தொடங்குவது மரபு. நானோ உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஞ்சினைக் கொண்டு தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். மீனும் நிலவும் உரிய இடத்தில் வந்து சேரும்.

சென்ற சித்திரைப் புத்தாண்டு விடுமுறையைக் கழிப்பதற்காகக் கல்லடியிலுள்ள என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகனுக்குப் பதினைந்து வயது; மகள் நாலு வயதுச் சிறுமி. கனடாவிலிருந்து வந்துபோன உறவினர் ஒருவர், தாம் இளமையில் பறக்கவிட்டு மகிழ்ந்த மாதிரி விமானத்தின் எஞ்சினை மருமகனுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். அது கைக்கு வந்த நாள் முதல் அவனுக்கு ஊண் உறக்கம் இல்லை. றிஜிபோம் தகடுகளை வெட்டி இறக்கை செய்தான். வாலும் சில்லும் பொருத்தினான். விமானம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நான் போய் இறங்கிய அன்றே என்னிடம் வந்தான்.

"மாமா, எல்லாம் சரி. எண்ணெய் மட்டும்தான் பாக்கி. படகுக்காரரிட்ட ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கி ஊத்தட்டா?"

"ஊற்றினால் ஓடாது" என்றேன்.

"அவ்வளவு பெரிய படகே மண்ணெண்ணெயில ஓடுது. இந்தச் சின்ன எஞ்சின் ஏன் ஓடாது?"

நல்ல கேள்விதான். இரசாயனம் கற்பிப்பவன் ஆதலின் கரும்பலகையில் நாலு சமன்பாடுகளை எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால், வாவி வாசலிலே இருக்க, கரும்பலகை எதற்கு? "நாளை மாலை முகத்துவாரத்துக்குப் போவோம். படகைப் பார்த்தபின் பதில் சொல்கிறேன்" என்றேன். அடுத்த நாள் பூரணை என்பது எனக்கு ஒரு கூடுதல் ஆசை.

முகத்துவாரத்தில்

வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, மட்டக்களப்பு நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை, வயற்பக்கம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரையும் படும் கரையும் என மக்கள் இட்ட இப்பெயர்களின் அழகை எத்தனை முறை சொன்னாலும் தகும். கல்லடியிலே 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலமும், அதன் அருகே 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் இரட்டையர் போல நிற்கின்றன. புதிய பாலத்தால் ஓட்டோவில் வாவியைக் கடந்து, நகரத்தினூடாக வடக்கே திரும்பிப் பாலமீன்மடுவை அடைந்தோம். 1913 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. மாரியில் வெள்ளம் வாவியை நிறைத்துக் கடலோடு கலக்கும் வாயும் அதுவே. கோடையில் மணல் மேடிட்டு அடைத்துக் கொள்ளும் வாயும் அதுவே.

கரையிலே கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாகக் கிடந்தன. தமக்கையார் குடும்பத்துக்கு நெடுநாட் பழக்கமான ஒரு முதியவர், கல்லடிப் பக்கம் போகவிருந்த தம் படகில் எங்களையும் ஏற்றிக்கொள்ள இசைந்தார்.

"சேர், இவன் தம்பி என்ன கண்ணால பாக்கிறான், எஞ்சினக் களட்டிக் கொண்டுபோகவோ?" என்று சிரித்தார்.

மருமகன் பார்த்துக்கொண்டிருந்தது எஞ்சினை அன்று, எண்ணெய்த் தாங்கிகளை. பெரிய பிளாஸ்ரிக் கானில் மண்ணெண்ணெய் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னத் தாங்கியில் பெற்றோல் இருந்தது. முதியவர் முதலில் பெற்றோற் குழாயைத் திறந்து, கயிற்றைச் சுண்டி இழுத்தார். எஞ்சின் உறுமி எழுந்தது. சில நிமிடம் அதைச் சூடேற விட்டார். பின்னரே திருகுபிடியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். ஓசை சற்றே கரகரத்தது. நீலப்புகை நீர்மேல் படர்ந்தது.

"பாத்தியா மனே, குளிந்து கிடக்கிற எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஏறாது. முதல்ல பெற்றோல், மறுகா மண்ணெண்ணெய்" என்றார்.

அவர் ஒரு வரியிற் சொன்னது முழு உண்மை. எஞ்சினுள்ளே எரிவது எண்ணெய் அன்று. காற்றோடு கலந்த எண்ணெயின் ஆவி. பெற்றோல் குளிரிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ சூடு வேண்டும். அதுமட்டுமன்று. மண்ணெண்ணெயை மிகுதியாக நெருக்கினால் அது காலமல்லாத காலத்தில் வெடித்து எஞ்சினை இடிக்கும். ஆதலின் மண்ணெண்ணெய்க்கென்று செய்யப்படும் படகு எஞ்சின்களில் நெருக்கத்தைக் குறைத்தே அமைக்கிறார்கள். படகு மண்ணெண்ணெயில் ஓடுவது மண்ணெண்ணெயின் பெருமையால் அன்று. அந்த எஞ்சினை அதற்கென்றே செய்தமையால்தான்.

நாவலடி ஓரமாக

படகு தெற்கே திரும்பியது. வலப்புறம் மாமாங்கேஸ்வரர் கோயில் கொண்ட அமிர்தகழி. இடப்புறம் கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒரு மணற்பட்டையாக நாவலடி. 2004 மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இந்த மணற்பட்டையைத் துடைத்துச் சென்றது. அவ்விடத்தைக் கடக்கையில் முதியவர் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார். காரணம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சிறிது தூரம் சென்றபின் அவரே பேசத் தொடங்கினார். ஆழிப்பேரலைக்குப் பின் உதவி நிறுவனங்கள் இக்கரைகளில் படகுகளும் எஞ்சின்களும் வழங்கின. அவருக்குக் கிடைத்த எஞ்சின் பல ஆண்டுகள் உழைத்தது. 2022 இல் நாட்டில் எரிபொருட் பஞ்சம் வந்தது. வரிசையில் நின்றும் மண்ணெண்ணெய் கிடைக்காத மாதங்கள் அவை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தது. கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசுக்கும் மீன் படாத நாட்களில் படகைக் கரையேற்றிவிட்டு, தோணியில் சவள் வலித்து வாவி மீனைப் பிடித்துச் சீவித்தார்.

"கையால வலிச்ச மட்டும் நட்டமில்ல சேர். நட்டம் வந்தது என்ர கெட்டித்தனத்தால" என்றார்.

நடந்தது இதுதான். இத்தகைய எஞ்சின்கள் ஈரடிப்பு எஞ்சின்கள். மோட்டார் வண்டியில் உள்ளதுபோல உராய்வெண்ணெய்க்கு இவற்றில் தனி இடம் இல்லை. எரிபொருளிலேயே அளவாக எண்ணெய் கலக்கவேண்டும். அந்த எண்ணெய்தான் உள்ளே போய்ப் பிஸ்ரனையும் உருளையையும் உராயாது காக்கிறது. 'ரூ-ஸ்ரோக் எண்ணெய்' என்று கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான். விலை எல்லாம் ஏறிய காலத்தில், அந்த எண்ணெயில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணிக் கலவையைக் குறைத்தார் முதியவர். இரண்டு நாள் ஓடிற்று. மூன்றாம் நாள் கடல் நடுவே பிஸ்ரன் இறுகி எஞ்சின் நின்றுவிட்டது. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. எஞ்சினைத் திருத்துவதற்கு மனைவியின் காப்பு அடகுக்குப் போனது.

"மிச்சம் பிடிச்சது சில நூறு ரூவா. காப்பு இன்னும் மீளல்ல" என்று முடித்தார்.

எரிபொருளின் அருமையைத் தமிழர் அறியாதவர் அல்லர். 1990 ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருகிய காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள்களை ஓட்டிய கதை யாவரும் அறிந்ததே. போர்க்காலத்தில் படுவான்கரைக்கு எண்ணெய் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடுகள் இருந்தன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையிலேயே கடந்தனர். சுமந்து சென்ற பொருள்களுள் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் பெரும்பொருளாக இருந்தது. அந்நாளில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் புகை கக்கின, பிளக் கரி பிடித்தது, எஞ்சினின் ஆயுள் குறைந்தது. வேறு வழியில்லாதவர் அந்த விலையை அறிந்தே கொடுத்தனர். வழி இருக்கும்போது அறியாமற் கொடுப்பது வேறு.

சின்ன எஞ்சினின் உணவு

கல்லடிப் பாலங்கள் தெரியத் தொடங்கின. நிறுத்துவதற்குச் சற்று முன், முதியவர் திருகுபிடியை மறுபடி பெற்றோலுக்கு மாற்றினார். மருமகன் ஏன் என்று கேட்டான்.

"மண்ணெண்ணெயோட நிப்பாட்டினா உள்ளுக்கு அதுதான் தேங்கி நிக்கும். மறுகா அவசரத்துக்கு ஸ்ராட் ஆகாது மனே."

எஞ்சின் ஓய்ந்தது. கிழக்கே தென்னைகளின் பின்னால் நிலவு மஞ்சளாக எழுந்தது. மீன் பாடுவதைக் கேட்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. வாக்களித்த பதிலை அங்கேதான் சொன்னேன்.

மாதிரி விமானத்தின் இந்த எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் அமைப்பு இல்லை. அதன் தலையில் இருப்பது பிளாற்றினம் கலந்த ஒரு சிறு கம்பிச் சுருள். தொடங்கும்போது ஒன்றரை வோற்று மின்கலம் அதைச் செந்தணலாக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம், கம்பி அணையாது. ஏனெனில் அதற்குரிய எரிபொருள் மெதனோல். மெதனோலின் ஆவி பிளாற்றினத்தைத் தொடும்போது பிளாற்றினம் ஊக்கியாக நின்று வெப்பத்தை எழுப்புகிறது. எரியும் வெப்பமும் நெருக்கத்தின் வெப்பமும் இதனோடு சேர்ந்து கம்பியைத் தணலாகவே வைத்திருக்கின்றன. பெற்றோலோ மண்ணெண்ணெயோ இவ்வாறு செய்வதில்லை. மின்கலத்தை எடுத்ததும் கம்பி கறுத்துவிடும். அமெரிக்கரான றே ஆர்டன் 1947 அளவில் இந்தத் தணற்கம்பிப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கனமான மின்சுருளும் மின்கலமும் சுமக்கத் தேவையின்றிச் சிறு விமானங்கள் இலகுவாகப் பறக்கலாயின.

அளவும் வேறு. ஒரு கிலோ பெற்றோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ மெதனோலுக்கு ஆறரைக் கிலோ போதும். மெதனோலின் நிறையிற் பாதி ஒட்சிசன் என்பதே காரணம். ஆகவே மெதனோல் எஞ்சின் இரண்டு மடங்குக்கும் மேலாக எரிபொருள் குடிக்கும். அதன் துவாரங்கள் அதற்கேற்றே துளைக்கப்பட்டிருக்கும். மெதனோல் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கவும் செய்யும்.

மெதனோல் மட்டும் போதாது. படகு எஞ்சினைப் போல இதற்கும் எண்ணெய் எரிபொருளோடுதான் போகவேண்டும். அதுவும் 100 பங்கில் 18 முதல் 20 பங்கு வரை. பழைய எஞ்சின்களுக்கு நெடுங்காலமாக ஏற்றது எது தெரியுமா? நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த ஆமணக்கெண்ணெய்! அது மெதனோலில் நன்றாகக் கரையும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் எளிதில் எரிந்துபோகாது பிஸ்ரனைக் காக்கும். முதலாம் உலகப் போரில் சுழல் எஞ்சின் கொண்ட விமானங்களும் ஆமணக்கெண்ணெயையே பயன்படுத்தின. அதன் புகையை முகர்ந்த விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்பது வரலாறு. இக்காலச் செயற்கை எண்ணெய்கள் பிசின் படியாமல் துப்புரவாக இருக்கும். ஆயினும் பழைய எஞ்சினுக்குக் கலவையில் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்திருத்தல் நலம் என்பது அனுபவசாலிகள் கருத்து.

மூன்றாவதாகச் சிலர் நைத்திரோமெதேன் சேர்ப்பர். அது தானே ஒட்சிசன் தருவதால் வலுவைக் கூட்டும். மெல்ல ஓடும்போதும் எஞ்சினை நிலையாக வைத்திருக்கும். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுவோர் 5 முதல் 15 பங்கு சேர்ப்பதுண்டு. ஆனால் கட்டாயம் இல்லை. கம்பியிற் கட்டி வேகம் பார்க்கும் உலகப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே எரிபொருள்தான்: மெதனோல் 80, ஆமணக்கெண்ணெய் 20.

"அப்ப மாதிரி விமானத்துக்கு மண்ணெண்ணெய் உதவவே உதவாதா, மாமா?"

உதவும், வேறு எஞ்சினுக்கு. நெருக்கத்தாலேயே எரியும் மாதிரி டீசல் எஞ்சின்கள் உண்டு. அவற்றுக்கு ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சமபங்கு கலப்பர். மறுபடியும் அதே நியாயந்தான்: எஞ்சினைச் செய்தவன் எதை எண்ணிச் செய்தானோ அதுவே அதன் உணவு.

முதியவர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சேர், மெதனோல் எண்டது கசிப்புல கலந்து குடிச்சாக்கள் செத்த சாமானில்லியா?" என்றார்.

"அதுவேதான்" என்றேன். "தண்ணீரைப் போலத் தெளிந்திருக்கும். பத்து மில்லிலீற்றர் உள்ளே போனாலும் கண் பார்வையைக் கெடுக்கக்கூடும். முப்பது மில்லிலீற்றர் உயிரையே கொல்லக்கூடும். குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரங் கழித்தே விளைவு தெரியும். ஆதலின் தெரியும்வரை காத்திராமல் உடனே ஆசுபத்திரிக்கு ஓடவேண்டும்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "மாமா, அது வீட்டில இருக்கு."

அவசரத்துக்கு ஒரு சுண்டல்

கூட்டாளி ஒருவன் எங்கோ தேடி ஒரு போத்தல் மெதனோல் கொண்டுவந்து கொடுத்திருந்தானாம். ஒரு விமானத்துக்கு அது போதாது, மண்ணெண்ணெய் கலந்தால் பெருகும் என்பது இவன் கணக்கு. உண்மையில் அவை இரண்டும் நன்றாகக் கலக்கவும் மாட்டா. பிரிந்து தனித்தனியே நிற்கும். ஆனால் அதை விளக்கும் மனநிலை எனக்கு அப்போது இல்லை.

"எதில் ஊற்றி வைத்திருக்கிறாய்?"

"சோடாப் போத்தலில. கட்டிலுக்குக் கீழ."

வீட்டில் நாலு வயதுப் பிள்ளை. சித்திரை மாதத்துப் புழுக்கம். கட்டிலுக்கடியில் ஒரு சோடாப் போத்தல். நான் ஒன்றும் சொல்லவில்லை, முதியவரைப் பார்த்தேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து கயிற்றை ஒருமுறை சுண்டினார். பெற்றோலில் நிறுத்தப்பட்ட எஞ்சின் அந்த ஒரு சுண்டலிலேயே எழுந்தது. தமக்கைக்குத் தொலைபேசியில் சொல்ல முயன்றேன். எஞ்சின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. படகு கரையைத் தொடுமுன்னே மருமகன் முழங்கால் நீரிற் குதித்து ஓடினான்.

போத்தல் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. சிறுமி முற்றத்தில் நிலவைக் காட்டிச் சோறு உண்டுகொண்டிருந்தாள். தமக்கையார் எங்கள் முகத்தைக் கண்டு, "என்ன, படகு கவிழ்ந்ததா?" என்றார். படகு கவிழவில்லை, தெய்வாதீனமாக எதுவுமே கவிழவில்லை.

அந்தப் போத்தலை வாவியிலோ வடிகாலிலோ கொட்டவில்லை. அன்றிரவே எட்டாத இடத்தில் பூட்டி, நஞ்சு என்று பெரிதாக எழுதி ஒட்டி, விடுமுறை முடிந்ததும் கல்லூரி ஆய்வுகூடத்தின் பொறுப்பில் ஒப்படைத்தேன். பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே: மெதனோல் ஆகட்டும், மண்ணெண்ணெய் ஆகட்டும், குடிக்கும் போத்தலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். மாணவர்க்கும் ஒரு சொல்: மெதனோலின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை; அதன் ஆவியும் நஞ்சு, தோலினூடாகவும் உடலிற் சேரும். அறிந்த பெரியவர் துணையின்றி அதைத் தொடுதல் ஆகாது.

அடுத்த இரவு

மறுநாள் இரவு நாங்கள் மூவரும் மீண்டும் போனோம், இம்முறை தோணியில். சவளை நீரில் ஆழ்த்தி அதன் மேல்நுனியிற் காதை வைத்தால் கேட்கும் என்பது இந்நாட்டு வழக்கம். 1848 இல் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரியும் அவ்வோசையைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். மீன் பாடுகிறதா, ஊரி பாடுகிறதா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. மருமகன் நெடுநேரம் காதை எடுக்கவில்லை. நரம்பை மெல்ல மீட்டியது போன்ற ஒரு நீண்ட ஓசை எனக்கும் கேட்டது. எஞ்சின் போட்ட படகில் இருந்தால் அது எந்நாளும் கேட்டிராது.

இப்போது விமானத்தின் கதி என்னவென்று வாசகர் கேட்கலாம். றப்பர் நாடாவை முறுக்கிவிட்டுப் பறக்கும் ஒரு சிறு விமானத்தைச் செய்து கல்லடிக் கடற்கரையில் அவன் பறக்கவிடுகிறான். வாவி நடுவே திமிலைதீவில் விமான நிலையம் இருப்பதால், எஞ்சின் விமானம் பறக்கவிடுவதாயின் எங்கே, யாருடைய அனுமதியோடு என்பதையும் விசாரித்துக்கொண்டிருக்கிறான். உரிய எரிபொருள் முறையாகக் கிடைக்கும் வரை காத்திருப்பதாகச் சொல்கிறான்.

எஞ்சின் துருப்பிடிக்காதிருப்பதற்கு ஒரு தகரப் பேணியில் ஆமணக்கெண்ணெயில் ஊறியபடி இருக்கிறது. தன் எண்ணெய்ப் போத்தல் எங்கே போயிற்று என்று அவன் பாட்டி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.